கிறிஸ்துமஸ் பிஸ்கட்: மாவை உறைய வைப்பதா, சுட்டு உறைய வைப்பதா?

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. மலைப்பகுதி வாசகர்களிடமிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை பண்டிகைக்கான பிஸ்கட்டுகளை முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைப்பதைப் பற்றியே கேட்பதால், இந்த இதழில் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடியபடி வீடு வீடாகக் கீதபவனி வரும் இரவில் ஐம்பது பேருக்குக் குறையாமல் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தட்டு அனுப்ப வேண்டும். எப்படியும் முந்நூறு பிஸ்கட் தேவைப்படும். கடைசி வாரத்தில் தனியாக எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை. இப்போதே சுட்டு ஃப்ரீசரில் வைக்கலாமா, அல்லது பிசைந்த மாவை வைப்பது நல்லதா?
(வாசகி, குன்னூர்)

பதில்: மாவையே வையுங்கள். சுட்ட பிஸ்கட்டும் உறைநிலையில் கெட்டுப்போவதில்லை. காற்றுப் புகாமல் மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் வரை ருசி குன்றாமல் இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து குன்னூர்ச் சமையலறைகளின் காற்றை ஈரத்துணியைப் போல ஆக்கிவிடும் மாதங்கள் இவை. உறைந்த பிஸ்கட்டை அந்தக் காற்றில் வெளியே எடுத்த நொடியிலேயே அதன்மேல் ஈரம் முத்துமுத்தாகப் படிந்து, அரை மணி நேரத்தில் நமத்துப்போய்விடும். பிசைந்த மாவின்மேல் அப்படிச் சிறிது ஈரம் படிந்தாலும் அது ஓவனின் சூட்டில் போய்விடும். மாவு அடைத்துக்கொள்ளும் இடமும் குறைவு, உடைந்து நொறுங்கும் என்ற பயமும் இல்லை. பவனி வீட்டு வாசலுக்கு வரும் நேரத்தில் உள்ளிருந்து வெண்ணெய் மணம் வருவதை ஒரு காரணமாகச் சொல்வது நியாயமா என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு அதுவும் ஒரு காரணம்தான்.

ஒரு பிஸ்கட்டுக்கு 20 கிராம் மாவு என்று கொண்டால் உங்களுக்கு வேண்டியது 6 கிலோ. இதை ஒரே நாளில் பிசைய முயலாமல், வாரத்துக்கு ஒரு முறை 2 கிலோ வீதம் மூன்று வாரங்களில் முடித்துக்கொள்ளலாம். மாவை 300 கிராம் அளவுள்ள பகுதிகளாகப் பிரித்து, பட்டர் பேப்பரின்மேல் வைத்து, 5 செ.மீ. குறுக்களவுள்ள உருளைகளாக உருட்டிச் சுருட்டுங்கள். அவற்றை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்துச் சற்று இறுகிய பின் எடுத்து மறுபடியும் ஒருமுறை உருட்டினால், தட்டையாகிப்போன அடிப்பக்கம் சரியாகிவிடும். அதன்பின் அலுமினியத் தாளில் இன்னொரு சுற்றுச் சுற்றி, மாவின் பெயரையும் தேதியையும், ஓவனின் சூடு, நேரம் ஆகியவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டி ஃப்ரீசரில் வையுங்கள். எழுத மறந்துவிட்டால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எது இஞ்சி பிஸ்கட், எது ஏலக்காய் பிஸ்கட் என்று உருளைகளைப் பிரித்து முகர்ந்துகொண்டிருப்பீர்கள்.

சுடும் நாளில் உருளையை வெளியே எடுத்துப் பத்து நிமிடங்கள் விட்டு, 8 மி.மீ. கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் திருப்பு திருப்பிக்கொண்டால் வில்லைகள் வட்டம் கெடாமல் வரும். ஓர் உருளையில் பதினைந்து வில்லைகள் கிடைக்கும். உறைந்த வில்லைகளை அப்படியே தட்டில் அடுக்கிச் சுடலாம். வழக்கமான நேரத்தைவிட இரண்டு மூன்று நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான். உருட்டி வைக்கும் வகை மாவாக இருந்தால் உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரம் உறைய வைத்துக் கல்லைப் போல ஆன பிறகே டப்பாவில் கொட்டுங்கள். நட்சத்திரம், மணி போன்ற அச்சு வடிவங்களை 5 மி.மீ. கனத்தில் வெட்டி, அதே முறையில் உறைய வைத்து, அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் இட்டு வைக்கலாம்.

எல்லா மாவும் இதற்கு ஒத்துவராது. வெண்ணெய் மிகுந்த கெட்டி மாவுகள் நன்றாக உறைந்து மீளும். முட்டை கலந்தது, முட்டை இல்லாதது என்ற வேறுபாடு இதில் இல்லை. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்பவையும், கரண்டியில் ஊற்றும் அளவுக்குத் தளர்வான மாவும் உறைந்தால் கெட்டுவிடும். அவற்றை அன்றன்றே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். எங்களிடம் இருப்பதோ ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மாவு டப்பாவை இரவில் வராந்தாவில் வைத்துவிட்டால் போதாதா?
(வாசகர், உதகமண்டலம்)

பதில்: போதாது. தலைகுந்தாப் பக்கம் அதிகாலையில் வெப்பம் பூஜ்யத்தைத் தொட்டாலும், வெயில் ஏறியபின் அதே இடத்தில் 20 டிகிரி செல்சியஸ் வரை போகும். உறைந்த பொருளைப் பாதுகாக்க வேண்டிய அளவு மைனஸ் 18 டிகிரி. உங்கள் வராந்தா மிகக் கடுமையான இரவிலும் அதன் அருகே போவதில்லை. போதாக்குறைக்குப் பகலில் மாவை இளக வைத்து இரவில் மறுபடி இறுக வைக்கிறது. முட்டையும் வெண்ணெயும் கலந்த மாவுக்கு இதைவிடக் கெடுதலான நடத்தை இருக்க முடியாது. பூனைகளையும் குரங்குகளையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல உங்கள் கேள்வி வாய்ப்பளித்திருக்கிறது. குளிர்காலத்தில் ஃப்ரீசர் நன்றாக வேலை செய்யும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது பல வீடுகளில் நேர்மாறாக இருக்கிறது. சாதாரண ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு கம்ப்ரஸர்தான் உண்டு, அது எப்போது ஓட வேண்டும் என்பதைக் கீழ்ப்பகுதியின் வெப்பமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சமையலறையே 10 டிகிரியில் இருக்கும்போது கீழ்ப்பகுதி தானாகவே குளிர்ந்துகிடப்பதால் கம்ப்ரஸர் அபூர்வமாகத்தான் ஓடுகிறது, அதனால் மேலே ஃப்ரீசருக்கு வேண்டிய குளிர் கிடைக்காமல் போகிறது. நம் நாட்டில் விற்கும் ஃப்ரிட்ஜ்கள் பொதுவாக 16 டிகிரிக்கு மேற்பட்ட அறைகளைக் கருதியே செய்யப்படுகின்றன. உங்கள் ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமை ஓர் இரவு வைத்துக் காலையில் கரண்டியால் குத்திப் பாருங்கள். கரண்டி சுலபமாக இறங்கினால் அந்த ஃப்ரீசரை நம்பி மாவை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜை வெளித் திண்ணையிலோ பின்கட்டிலோ வைத்திருந்தால் அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தாலே பாதிக் குறை தீரும். எப்படியானாலும், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் பனிப்பெட்டியில் மாவை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதில் ஏறியிருக்கும் பனிக்கட்டியைக் கரைத்துத் துடைத்துவிட்டு மாவை வையுங்கள்.

கேள்வி: நீங்கள் உட்பட எல்லோரும் ‘ஜிப் பை’ என்று எழுதுகிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்கு இருக்கும் கெடுபிடி தெரிந்ததுதானே? பை இல்லாமல் உறைய வைக்க வழி உண்டா?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: ஒப்புக்கொள்கிறேன், முந்தைய இதழ்களில் யோசிக்காமல் அப்படி எழுதியிருக்கிறேன். தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி முதல் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நீலகிரி அந்தப் பாதையில் இறங்கிவிட்டது. பை இல்லாமலே இந்த வேலையைச் சிறப்பாகச் செய்யலாம்.

உறைய வைத்த பொருளுக்குப் பகை அதைச் சுற்றியிருக்கும் காற்று. ஃப்ரீசரின் வறண்ட காற்றில் மாவின் மேற்பரப்பிலுள்ள பனிக்கட்டி நீராக உருகாமலே ஆவியாகிப் போய்விடுகிறது. அந்த இடம் வெளிறி, வறண்டு, சவசவவென்று ஆகிறது. வெண்ணெயும் தன் பங்குக்குப் பக்கத்திலிருக்கும் மீன் வாடையையும் வெங்காய வாடையையும் இழுத்துக்கொள்கிறது. ஆகவே மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் டப்பாவைத் தேர்ந்தெடுத்து, அதை வாய்வரை நிரப்புங்கள். பாதி நிறைந்த பெரிய டப்பாவைவிட முழுதும் நிறைந்த இரண்டு சிறிய டப்பாக்கள் மேலானவை. மேலே மிச்சமிருக்கும் இடத்தில் பட்டர் பேப்பரைக் கசக்கித் திணித்துவிட்டால் காற்றுக்கு இடமிருக்காது. ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டிஃபன் டப்பாக்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. கண்ணாடிப் பாத்திரமும் நல்லதுதான். அதை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் சூடான இடத்தில் வைத்துவிடாதீர்கள், விரிசல் விடும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கனமான பைகளைக் கழுவி உலர்த்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில் தவறொன்றும் இல்லை.

கேள்வி: சென்ற ஆண்டு மழையில் மரம் விழுந்து எங்கள் பகுதியில் ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரீசரில் இருந்த மாவு முழுவதையும் கொட்டிவிட்டேன். கொட்டியது சரியா?
(வாசகி, கூடலூர்)

பதில்: ஒருவேளை அவசரப்பட்டுவிட்டீர்கள். நிறைந்திருக்கும் ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், ஏறத்தாழ 48 மணி நேரம் தன் குளிரைக் காத்துக்கொள்ளும். பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். இது தனிக் கதவுள்ள நல்ல ஃப்ரீசருக்கான கணக்கு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் பனிப்பெட்டியிடம் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது. மின்சாரம் வந்தபின் மாவைத் தொட்டுப் பார்த்து, நடுவில் இன்னும் பனித்துகள் நெறுநெறுப்பதாகத் தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம். ஆனால் தரம் சற்றுக் குறையும் என்பதால் அன்றே சுட்டுவிடுவது மேல். முழுதும் இளகி, அறைச் சூட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்றே தெரியாத மாவாக இருந்தால் கொட்டியது சரியே.

ஊரில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்ததா என்பதை அறிய ஒரு பழைய உபாயம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. பனிக்கட்டிக்கு அடியில் போயிருந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் நாத்தனார் கொடுத்த அளவுப்படியே செய்து உறைய வைத்தேன். அவர் செய்தால் பிஸ்கட் உப்பி, உருண்டையாக வருகிறது. எனக்கோ அப்பளம் போலப் பரவி, ஓரம் கருகிவிடுகிறது. இங்குள்ள குளிரில் வெண்ணெய் இளகவே இளகாததால் அடுப்பில் லேசாக உருக்கிச் சேர்த்தேன். உறைய வைத்ததுதான் காரணமா?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: உறைய வைத்ததன்மேல் பழி போடாதீர்கள், அது உங்களுக்கு உதவியே செய்திருக்கும். குளிர்ந்த மாவு ஓவனில் மெல்லத்தான் இளகும் என்பதால் பரவுவதற்குள் ஓரம் இறுகிவிடும். உங்கள் பிஸ்கட்டைக் கெடுத்தவை இரண்டு: ஒன்று உங்கள் மலை, மற்றது உங்கள் அடுப்பு.

முதலில் அடுப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது கெட்டியும் இளக்கமுமான அந்த நடு நிலையில்தான் வெண்ணெய் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிஸ்கட் உப்புவதற்கு அதுவே அடித்தளம். உருக்கிவிட்டால் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, எண்ணெய் ஊற்றிப் பிசைந்தது போலத்தான். கொடைக்கானல் சமையலறையில் வெண்ணெயை இளக்க, அதைக் கேரட் துருவியில் துருவிக்கொள்ளுங்கள். அல்லது சிறு துண்டுகளாக நறுக்கிய வெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர் ஊற்றி வடித்த, இன்னும் கதகதப்பாக இருக்கும் பாத்திரத்துக்குள் பத்து நிமிடங்கள் வைத்து மூடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளப்பு வரக் கூடாது.

அடுத்து மலை. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தம் குறைந்த காற்றில் பேக்கிங் பவுடர் வெளியிடும் வாயு கூடுதலாக விரிந்து, மாவு இறுகுவதற்கு முன்பே உப்பி உடைந்து அமுங்கிவிடுகிறது. ஈரம் வேகமாக ஆவியாவதால் எஞ்சும் சர்க்கரை செறிவாகி, பிஸ்கட் பரவுகிறது, ஓரம் சீக்கிரம் கருகுகிறது. ஆகவே நாத்தனாரின் அளவில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள்; ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி எடுத்துவிடுங்கள்; மைதாவை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஓவனின் சூட்டை 10 டிகிரி ஏற்றி, நேரத்தை ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ குறைத்து, கண்ணால் பார்த்து எடுங்கள். ஊட்டி வாசகர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும், ஏனென்றால் அவ்வூர் இன்னும் சற்று உயரம், 2,240 மீட்டர். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இதில் பாதி மாற்றம் போதும். கூடலூர்க்காரர்கள் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இத்தனையும் படித்துவிட்டு மாவு முழுவதையும் உறைய வைத்துவிடாதீர்கள். பிசைந்த அன்றே இரண்டே இரண்டு பிஸ்கட்டைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் அப்போதே இன்னும் ஒரு கைப்பிடி மைதா சேர்த்துக்கொள்ளலாம். உறைந்தபின் சேர்க்க முடியாது. எங்கள் வீட்டில் இந்தச் சோதனை பிஸ்கட்டுக்குப் போட்டி அதிகம் என்பதால் நான்கு சுடுகிறேன்.

கேள்வி: ஐசிங் போட்டும், சாக்லேட்டில் தோய்த்தும் வைத்த பிஸ்கட்டை உறைய வைக்கலாமா? கல்கல், அச்சுமுறுக்கு ஆகியவற்றையும் அப்படியே வைக்கலாமா?
(வாசகி, வெலிங்டன்)

பதில்: ஐசிங் போடாத வெறும் பிஸ்கட்டை மட்டும் உறைய வையுங்கள், அலங்காரம் கடைசி இரண்டு நாள் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் சிவப்பும் பச்சையுமாக ஐசிங் தீட்டிய நாற்பது நட்சத்திரங்களை உறைய வைத்து, விருந்தினர் வந்த அவசரத்தில் பனிமூட்டமான ஒரு மாலையில் டப்பாவைத் திறந்து தட்டில் அடுக்கினேன். பத்து நிமிடத்தில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, எல்லா நட்சத்திரங்களும் ஒரே பழுப்பு நிறமாயின. சாக்லேட்டின் கதியும் அதுதான்: மேலே படியும் ஈரம் சர்க்கரையைக் கரைத்து, உலர்ந்தபின் வெள்ளைப் பூச்சாக விட்டுச் செல்லும். தின்னக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் பூசணம் பிடித்தது போல இருக்கும்.

கல்கல்லையும் அச்சுமுறுக்கையும் ஃப்ரீசரில் வைப்பது வீண் வேலை. எண்ணெயில் பொரித்து ஈரம் போன பண்டங்கள் அவை. நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத தகர டின்னில் வைத்தாலே பண்டிகை வரை தாங்கும். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊட்டி வர்க்கியைக் கூடச் சிலர் ஃப்ரீசரில் அடுக்குகிறார்கள். அதற்கும் நல்ல டின்தான் வேண்டும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மட்டும் இவை எதையும் வைக்காதீர்கள், அந்த ஈரத்தில் மொறுமொறுப்புப் போய்விடும்.

கேள்வி: பிஸ்கட் மாவைப் பிசையும்போது பேரப்பிள்ளைகள் உருண்டையாக எடுத்துத் தின்றுவிடுகிறார்கள். உறைய வைத்த மாவு என்றால் பாதகமில்லைதானே?
(வாசகர், அருவங்காடு)

பதில்: பாதகம் உண்டு. பச்சை முட்டையில் மட்டுமின்றி வேகாத மைதாவிலும் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். உறைநிலை அவற்றைத் தூங்க வைக்குமே தவிர, கொல்லாது. முட்டை சேர்க்காத மாவுக்கும் இது பொருந்தும். சுட்ட முதல் தட்டை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு, உறைய வைத்திருக்கும் சுட்ட பிஸ்கட்டைக் கொண்டுபோக வேண்டும். பேருந்துப் பயணம். எப்படிக் கட்டுவது?
(வாசகி, உதகமண்டலம்)

பதில்: முந்தின இரவே டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமல் சமையலறை மேடையில் வைத்துவிடுங்கள். ஈரமெல்லாம் டப்பாவின் வெளிப்புறத்தில் படிந்து வழியும். உள்ளே இருப்பவை உலர்ந்தபடியே அறைச் சூட்டுக்கு வரும். காலையில் டப்பாவைத் துடைத்துவிட்டுத் திறந்து, பிஸ்கட்டுகள் நமத்திருப்பதாகத் தோன்றினால் 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடங்கள் வைத்து எடுத்து, முழுதும் ஆறியபின் அடுக்குங்கள். மெத்தென்ற வகையையும் மொறுமொறுப்பான வகையையும் ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றின் ஈரம் மற்றதற்குப் போய் இரண்டும் கெடும். இஞ்சியும் கிராம்பும் போட்டவற்றுக்கும் தனி டப்பா வேண்டும். வட்ட பிஸ்கட்டுகளைப் படுக்க வைக்காமல், நாணயங்களைப் போலப் பக்கவாட்டில் நெருக்கமாக நிறுத்தி, இடைவெளிகளில் கசக்கிய தாளைச் செருகுங்கள். மேட்டுப்பாளையம் வரையிலான வளைவுகளில் டப்பா ஆடினாலும் பிஸ்கட் ஆடாது. ஒன்றை மட்டும் மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: மலையில் இறுக மூடிய டப்பா கீழே இறங்கியதும் வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மூடி உள்வாங்கித் திறக்க மறுக்கும். கத்தியால் நெம்பினால் மூடி வளைந்துவிடும். ஒரு கரண்டிக் காம்பால் ஓரத்தில் லேசாகத் தட்டினாலே காற்று உள்ளே போய் மூடி விட்டுக்கொடுக்கும்.